எல்லோரும் ஒரே மேசையில்: மாற்றுத்திறனாளிகளும் மாணவர்களும் சேர்ந்து கற்கும் மண்பாண்ட வகுப்பை நடத்துவது எப்படி?

மண்பாண்ட வகுப்பு தொடங்க நினைக்கிறவர்கள் எடுத்ததுமே கேட்பது, சக்கரம் எங்கே கிடைக்கும், சூளை வைக்க எவ்வளவு ஆகும் என்றுதான். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியவை மேசையின் உயரம், மண்ணின் பதம், கை கழுவும் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் சக்கர நாற்காலியில் வரும் கல்லூரி மாணவர், பார்வையில்லாத பள்ளி மாணவி, ஆட்டிசம் உள்ள சிறுவன், பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்த பக்கத்துத் தெருப் பெரியவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்யலாம். அமையவில்லை என்றால் எவ்வளவு நல்ல ஆசிரியர் வந்தாலும் இவர்களில் பாதிப் பேர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். "மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வகுப்பு, மற்றவர்களுக்கு வேறு நாள்" என்று பிரிக்காதீர்கள். பிரித்தால் அது மெல்ல மெல்ல ஒரு சிகிச்சை நேரமாக மாறிவிடும், செய்த பொருளைச் சுடாமலே திரும்ப உடைத்துத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் தான் செய்த ஒன்று சூளைக்குப் போய்ச் சிவந்து திரும்பி வர வேண்டும். கீழே வரும் எல்லாமே அதை மனதில் வைத்து எழுதியதுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி, வேலை ஆகியவற்றோடு கலை, பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றிலும் சம உரிமை உண்டு என்கிறது. அதனால் பள்ளியிலோ நூலகத்திலோ இடம் கேட்கப் போகும்போது தயவு கேட்கிற குரலில் கேட்க வேண்டியதில்லை.

ஆசிரியரும் உதவியாளர்களும்

உங்கள் ஊரைச் சுற்றி, தலைமுறையாக மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பங்கள் இருந்தால் முதலில் அங்கே போங்கள். மதுரைப் பக்கம் விளாச்சேரி இருக்கிறது, சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரை இருக்கிறது (அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கடம் செய்வதற்கும் பேர்போன ஊர்). புதுச்சேரிப் பக்கம் என்றால் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொட்டு வளர்ந்த ஸ்டுடியோக் கலைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இருந்தாலும் சமுதாய வகுப்புக்கு என்னுடைய தேர்வு உள்ளூர் வேளார்தான். அந்த ஊர் மண் எப்படி வெடிக்கும், எத்தனை நாளில் காயும் என்பது அவருக்குக் கையிலேயே தெரியும், சூளையும் அவரிடம் இருக்கிறது. அவருக்கு ஒரு நாள் வருமானம் என்னவோ அதற்குக் குறையாமல் சம்பளம் கொடுங்கள், சேவையாக வரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அவரோடு மாற்றுத்திறன் பற்றித் தெரிந்த ஒருவரும் வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கான வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள், அங்கே போய்க் கேட்கலாம். பத்துப் பேர் வகுப்புக்கு ஒரு ஆசிரியர், மூன்று உதவியாளர்கள் என்பது நல்ல அளவு. உதவியாளர்களுக்கு நான் போடும் ஒரே விதி, கேட்காமல் யாருடைய மண்ணையும் தொடக்கூடாது. பானை கோணினால் கோணட்டும், சரிசெய்து கொடுத்த பானையை வீட்டுக்குக் கொண்டுபோகிற பிள்ளைக்கு அது தன்னுடையதில்லை என்று நன்றாகவே தெரியும்.

எப்போது தொடங்குவது? வினாயகர் சதுர்த்தி, கார்த்திகை, பொங்கல் ஆகியவற்றுக்கு முந்தைய வாரங்களில் வேளார் வீட்டில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவும் காயாது. மாசி, பங்குனியில் பரீட்சை. கணக்குப் போட்டால் ஜூன் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை வசதி. வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்

கட்டடத்தை நீங்கள் மட்டும் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் ஒரு படி இருந்தாலும் சாய்தளம் வேண்டும், படி 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் குறைந்தது 180 செ.மீ. நீளம், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. கதவு திறந்தால் 90 செ.மீ. வழி கிடைக்க வேண்டும், நாற்காலி திரும்ப உள்ளே ஒன்றரை மீட்டர் சதுரம் காலியாக இருக்க வேண்டும்.

மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. உயரம் தடையில்லாமல் இருக்க வேண்டும், குறுக்குச் சட்டம் இருக்கக்கூடாது, உள்ளே அரை மீட்டர் ஆழமாவது வேண்டும். நடுவில் ஒற்றைக்கால் வைத்த வட்ட மேசை இதற்கு உதவாது. அதே மேசையில் சிறு பிள்ளைகள் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும், கால் தொங்கினால் கைக்குப் பிடிமானம் வராது. காலுக்கடியில் பலகையோ செங்கல்லோ வையுங்கள். பெருமூளை வாதம் உள்ள குழந்தை என்றால் இது இன்னும் முக்கியம், பாதம் ஊன்றி இடுப்பு நிலையாக இருந்த பிறகுதான் விரல் சொன்னபடி கேட்கும்.

தரையில் சாக்கு விரிக்காதீர்கள். மண் சிந்தாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் விரிப்பார்கள், ஊன்றுகோல் நுனி அதில்தான் மாட்டும். சிந்திய ஈர மண்ணை உடனுக்குடன் வழித்தெடுக்க ஒருவரை நிறுத்தினால் போதும். கை கழுவ ஒரு வாளியை மேசைக்கு இரண்டடி தூரத்திலேயே வையுங்கள், கையில் மண் ஒட்டியிருப்பதைத் தாங்க முடியாதவர்களுக்கு அந்த வாளி கண்ணில் பட்டாலே பதற்றம் குறையும். கழிப்பறையையும் பார்த்துவிடுங்கள். போக வசதியில்லாத கழிப்பறை என்றால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், இரண்டாவது வாரம் வரமாட்டார்கள், ஏன் என்றும் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் போக்குவரத்து. ஆட்டோ செலவையும் கூட வரும் ஒருவருடைய பயணச் செலவையும் வகுப்பின் வரவு செலவிலேயே போட்டுவிடுங்கள். கட்டணம் இலவசம், வந்து போக ஆட்டோவுக்குக் கைக்காசு என்றால் அது இலவசம் ஆகாது.

மண் தயாரிப்பு

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் கெட்டுப்போகும் வேலையும் இதுதான். பத்துப் பேருக்கு எட்டு வாரத்துக்கு 30 கிலோ போதும். கண்மாய் மண் என்றால் அனுமதி பெற்று எடுக்கும் வேளாரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டியை நன்றாகக் காயவைத்து உடைத்து, தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போடுங்கள். காய்ந்த மண் வேகமாகக் கரையும், அரை ஈரமாகப் போட்டால் உள்ளே கட்டி கட்டியாக நிற்கும். கரைத்துப் பழைய கொசுவலையில் வடிகட்டுங்கள். வேளார் வீட்டில் சிலர் இந்த அளவுக்கு வடிகட்டமாட்டார்கள், அவர்களுக்குத் தேவையில்லை. நமக்குத் தேவை. கண்ணாடிச் சில்லு, முள், நத்தை ஓடு எதுவும் இருக்கக்கூடாது, ஏனென்றால் வருகிறவர்களில் சிலர் விரலால்தான் பார்க்கிறார்கள், சிலருக்கு விரலில் உணர்ச்சியே இருக்காது, வெட்டுப்பட்டதே தெரியாது. சுண்ணாம்புக்கல் துணுக்கு இருந்தால் வேறு தொல்லை: சுட்ட பிறகு அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பி, பானையில் ஒரு சில்லைத் தெறிக்கவைத்துவிடும்.

வடிகட்டிய குழம்பு தெளிந்ததும் மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, மீதியைத் துணிமேல் ஊற்றிக் கெட்டிப்படவிடுங்கள். ஆசிரியர் சொல்லும் அளவு நுண்மணல் சேர்த்து மிதித்துப் பிசைய வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, சுண்டுவிரல் தடிமனில் ஒரு மண்திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் சரி.

இதை மூன்று பதமாகப் பிரித்து வைப்பதுதான் நம் வகுப்பின் தனித்த வேலை. இடியாப்ப மாவு போல இளக்கம், சப்பாத்தி மாவு போல நடுத்தரம், அதைவிட இறுக்கம் என்று மூன்று. தசைச் சிதைவு உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், வயதானவர்கள் போன்று கையில் வலுக் குறைந்தவர்களுக்கு இளக்கமான மண். கை தன்னிச்சையாக இறுகுகிறவர்களுக்கு, நடுக்கம் உள்ளவர்களுக்கு இறுக்கமான மண்ணைப் பெரிய உருண்டையாகக் கொடுங்கள். மெல்லிய மண்ணைக் கொடுத்தால் ஒரே பிடியில் நசுங்கிப்போகும், நசுங்கினால் மனதும் சோர்ந்துவிடும். எந்தப் பதம் பொருந்தும் என்பதை நோயின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், மூன்றையும் கையில் கொடுத்து அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்.

கருவிகள்

விசேஷக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். குச்சி, கரண்டி போன்றவற்றின் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபையோ துணியையோ சுற்றித் தடிப்பாக்கினால் பிடி பலமில்லாத கைக்கும் நிற்கும். பலகை நகராமல் இருக்க அடியில் ஈரத்துண்டு. ஒரு கையால் மட்டும் வேலை செய்கிறவருக்குப் பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று வேண்டும், அதுதான் அவருடைய இன்னொரு கை. மண்ணைத் தகடாகத் தட்ட, 6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு மரப் பட்டைகளை (ரீப்பர்) மண்ணின் இரு பக்கமும் வைத்து அவற்றின்மேல் சப்பாத்திக் கட்டையை உருட்டினால், பார்க்க முடியாதவருக்கும் எல்லா இடத்திலும் ஒரே கனம் கிடைக்கும்.

முதல் நாள்

என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்று விசாரிக்காதீர்கள். வேலைக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள்: எந்தக் கை வசதி, கையில் புண் இருக்கிறதா, சூடு, வெட்டு உணர முடியுமா, தூசி ஒத்துக்கொள்ளுமா, வலிப்பு வருமா, வந்தால் என்ன செய்ய வேண்டும், எந்தச் சத்தம் பிடிக்காது. பக்கத்தில் யாரையும் வைத்துக்கொண்டு கேட்காமல், கூட வந்த அம்மாவிடம் கேட்காமல், வந்தவரிடமே கேளுங்கள்.

பிறகு அகல் விளக்கு. எலுமிச்சை அளவு உருண்டை, நடுவில் கட்டைவிரல், சுற்றிச் சுற்றி அழுத்து, ஓரத்தில் ஒரு கிள்ளு. முக்கால் மணி நேரத்தில் எல்லோர் கையிலும் ஒன்று இருக்கும், அதுவும் நம் வீடுகளில் ஏற்றுகிற பொருள்.

பார்வையில்லாதவருக்குச் சொல்லித்தரும்போது அவர் கையைப் பிடித்து மண்ணில் அழுத்தாதீர்கள். உங்கள் கையை மண்மேல் வைத்து, அதன்மேல் அவர் கையை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் விரல் எப்படி மடங்குகிறது, எங்கே அழுத்துகிறது என்பதை அவர் தடவித் தெரிந்துகொள்வார், வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவரிடமே இருக்கும். கருவிகளைக் கடிகார முறையில் வையுங்கள், தண்ணீர்க் கிண்ணம் 12 மணியில், மண் அறுக்கும் கம்பி 3 மணியில் என்று, எட்டு வாரமும் அதே இடத்தில். உருண்டை, பள்ளம் விழுந்த உருண்டை, சுவர் எழுந்தது, முடிந்த விளக்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மாதிரியைக் காயவைத்துத் தடவிப் பார்க்கக் கொடுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி, பக்கத்தில் இருந்தவருடைய கிண்ணத்தை வாங்கி உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்து மெதுவாகச் சுற்றிவந்து ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க ரொம்ப மெலிசா இருக்கு, கிழியப்போகுது" என்றாள். ஆசிரியர் வாங்கிப் பார்த்தார், அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்து எல்லோரும் கனம் பார்க்க அவளிடம் கொண்டுபோனார்கள்.

காது கேளாதவர்கள் இருக்கும் வகுப்பில் பேசிக்கொண்டே செய்து காட்டுவது உதவாது. ஆசிரியர் கையைப் பார்த்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் கையைப் பார்க்க முடியாது. முதலில் சொல்லுங்கள், சைகையில் முடியட்டும், பிறகு வாய் மூடிச் செய்து காட்டுங்கள், மறுபடி நிறுத்திச் சொல்லுங்கள். வகுப்பு நிதானமாகப் போகும், மற்றவர்களுக்கும் இது நன்றாகவே புரியும். கூப்பிட விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கை முழுக்க மண்ணோடு சைகை செய்ய முடியாது என்பதால் பேச்சுக்கென்று இடைவேளை விடுங்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு ஈர மண் தொடுவதே தாங்காது. கட்டாயப்படுத்த வேண்டாம். மண்ணை ஜிப் பையில் போட்டு மேலிருந்து அழுத்தக் கொடுக்கலாம், கையுறை தரலாம், காய்ந்துவரும் தகட்டில் முறுக்கு அச்சையோ வேப்பிலையையோ பதிக்கக் கொடுக்கலாம். ஒரு சிறுவன் மூன்று வாரம் குச்சியால் மட்டும் கோடு போட்டான். நான்காவது வாரம் யாரும் சொல்லாமலே கட்டைவிரலை வைத்தான், உடனே வாளியில் கழுவினான், மறுபடி வைத்தான். இன்றைக்கு என்னென்ன செய்யப் போகிறோம், எப்போது முடியும் என்பதைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுங்கள், ஒவ்வொன்று முடிந்ததும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரங்கள்

இரண்டாவது, மூன்றாவது வாரம் மண்திரியைச் சுற்றிச் சுற்றி அடுக்கிக் கிண்ணம் எழுப்புவது. நான்காவது வாரம் தகடு தட்டி, துணி விரித்த சாப்பாட்டுத் தட்டில் படியவைத்துத் தட்டு செய்வது, ஒரு கையால் வேலை செய்கிறவர்களுக்கு இது மிகவும் கைகொடுக்கும். ஒட்டுகிற இடம் எல்லாவற்றிலும் இரு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். வெறுமனே தண்ணீர் தொட்டு ஒட்டினால் காயும்போது கழன்றுவிடும்.

சக்கரம் ஐந்தாவது வாரத்தில் வரட்டும். எல்லோருக்கும் அதில் ஆசை இருக்கிறது, ஆனால் முதல் நாளே ஏற்றினால் நின்று வேடிக்கை பார்க்கும் நேரம்தான் அதிகம். மின்சக்கரத்தின் கால் மிதியைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக் கையாலோ முழங்கையாலோ அழுத்தலாம், இல்லையென்றால் உதவியாளர் மிதியைப் பார்த்துக்கொள்ள, வேகத்தை மாணவர் சொல்லட்டும். மேசைமேல் வைக்கும் சிறிய சக்கரம் கிடைத்தால் நாற்காலியில் இருந்தபடியே எட்டும். சுற்றும் சத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த நேரம் வெளித் திண்ணையில் வேலை செய்யலாம்.

ஆறாவது வாரம் பெயர் கீறுவது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்று பெயர் கீறியிருப்பதன் படத்தைக் காட்டினால் எல்லோருக்கும் ஆர்வம் வந்துவிடும். எழுதத் தெரியாதவர் கட்டைவிரல் ரேகை வைக்கட்டும், ஒரு குறி போடட்டும், பிரெயில் தெரிந்தவர் புள்ளிகளை உருட்டி ஒட்டட்டும். சூளையிலிருந்து நாற்பது அகல் வரும்போது எது யாருடையது என்ற சண்டையும் வராது.

தூசி

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காய்ந்த மண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நாள்பட நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு அன்றைக்கே தொந்தரவு. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பாண்டத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், ஈர ஸ்பஞ்ச் போதும். கை கழுவியதும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், மண் தோலை மிகவும் வறட்டும். கையில் உணர்ச்சி இல்லாதவர்கள் இருந்தால் கழுவிய பிறகு இரு பக்கமும் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று அவர்களோடு சேர்ந்து சரிபாருங்கள்.

காயவைப்பதும் சுடுவதும்

நிழலில், மெல்லிய துணி போட்டு, ஒரு வாரம் முதல் பத்து நாள். வெயிலில் வைத்தால் ஓரம் முந்திக் காய்ந்து சுருங்க, நடு ஈரம் பிந்தி, வெடிப்பு விழும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. எங்கள் முதல் சூளையில் மழை ஈரத்தோடு அவசரப்பட்டு அடுக்கச் சொன்னேன், மூன்று கிண்ணம் வெடித்தது. அந்த மூவரிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது, அந்த வேலையை இனி யாரும் செய்ய வேண்டியிருக்கக் கூடாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

வெடிப்பதற்குக் காரணம் காற்றுக் குமிழி என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஈரம், 100 டிகிரி தாண்டும்போது அது நீராவியாக உப்பித் தெறிக்கவைக்கிறது. அதனால் சுவர் ஒரு செ.மீ.-க்கு மேல் தடிமன் வேண்டாம், கனமான பொம்மைகளை உள்ளே குடைந்து ஒரு துளை விடுங்கள், தொடக்கச் சூட்டை மிக மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். 573 டிகிரியில் மணலின் படிகம் திடீரென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும், ஆகவே சூளையைச் சீக்கிரம் பிரிக்கக்கூடாது. மின்சூளை என்றால் 1000 டிகிரிக்குப் பக்கம் போகலாம், ஊர்ச் சூளை அதைவிடக் கொஞ்சம் குறைவு.

சூளை வைக்கிற நாளில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கயிறு கட்டி எல்லை போட்டு, காற்று வரும் திசையில் உட்காரவையுங்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சூடு தெரியாமல் போகலாம், உடம்பு சூடேறினால் வியர்க்காமலும் போகலாம், அவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கட்டாயம்.

பிரிக்கிற அன்று அவரவர் பொருளை அவரவரே எடுக்கட்டும். ஈயம் கலந்த மெருகு எதுவும் பூசாதீர்கள். சுட்ட மண் நீர் உறிஞ்சும், அதனால் விளக்கு, பூத்தொட்டி, உண்டியல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்க ஆசைப்படுகிறவர்கள் கார்த்திகைக்கு முன் ஒரு மேசை போடலாம். விலையைச் செய்தவரே சொல்லட்டும், பணம் முழுக்க அவருக்கே போகட்டும். "மாற்றுத்திறனாளிகள் செய்தது" என்று பலகை வைக்காதீர்கள், பெயர்தான் பானையிலேயே கீறியிருக்கிறதே.

உடைந்து வந்தவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். செய்தவரிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு உரலில் இடித்துச் சலித்து வையுங்கள். அடுத்த வகுப்பு மண்ணில் பத்துக்கு ஒரு பங்கு அந்த ஓட்டுப்பொடியைச் சேர்த்தால் சுருக்கம் குறையும், வெடிப்பும் குறையும்.